அவளை மட்டும் உள்ளே விடாதீர்கள்

சாப்பாட்டு டப்பாவின் மூடி திறந்ததும் ஆஸ்பத்திரியின் புகார்ப் பிரிவு அதிகாரிக்குக் காலையில் குடித்த காபி தொண்டைவரை வந்துவிட்டது. உள்ளே மூன்று நாள் ஊசிப்போன சோறு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மெத்தென்று படர்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த பெண்மணிக்கோ மூக்கு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"இதை டெஸ்ட் பண்ணுங்க சார். எங்கப்பாவுக்கு அந்தப் பொம்பள விஷம் வைக்கிறா."

"எந்தப் பொம்பள?"

"போன வருஷம் எங்கப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டவ. ஆஸ்பத்திரியில சேர்த்தா அப்பாவுக்குச் சரியாகுது. வீட்டுக்குப் போனா மறுபடி காய்ச்சல், மறுபடி பச்சையா சளி. இது மூணாவது தடவை. இன்னொரு தடவை வந்தா நுரையீரல் தாங்காதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டார்."

"அதுக்காக விஷம்னு எப்படிம்மா...?"

"அப்பாவே நர்ஸ்கிட்ட, 'அவளை மட்டும் உள்ளே விடாதீங்க'ன்னு சொல்லியிருக்கார். ஏன்ப்பான்னு கேட்டேன். 'அவளைப் பார்த்தா பயமா இருக்கும்மா'ன்னார். இதுக்கு மேல என்ன வேணும்? சாயங்காலத்துக்குள்ள நீங்க பதில் சொல்லலேன்னா போலீஸுக்குப் போறேன்."

அதிகாரிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அடைத்த கழிவறை, மூட்டைப்பூச்சி, காணாமல் போன செருப்பு என்று புகார் கேட்டே தலை நரைத்துப் போனவர் அவர். இப்போதுதான் உருப்படியாக ஒரு வழக்கு வந்திருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு, டப்பாவைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்தபடி ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

ஆய்வுக்கூட மருத்துவரை அந்த ஆஸ்பத்திரியே முதுகுக்குப் பின்னால் 'சளியம்மா' என்றுதான் சொல்லும். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. ஊர்ப்பட்டவர்கள் துப்பியதை நாளெல்லாம் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் வேலையை வேறு எப்படித்தான் சொல்வது? சந்தேகம் என்று வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் எல்லாரும் போய் நிற்பதும் அவரிடம்தான்.

"டப்பாவைக் குப்பையில போடுங்க" என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமலே. "மூணு நாள் சோறு யார் வீட்டுல வச்சாலும் இப்படித்தான் ஆகும். இங்க வந்து இதைப் பாருங்க."

அதிகாரி நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தார். ஊதா நிறத்தில் மணிமணியாக ஏதோ தெரிந்தது. அவற்றினூடே நூல்நூலாக வேறொன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பூசி மெழுகியதுபோல் ஒரு கொழகொழப்பு.

"உவ்வே. என்ன டாக்டரம்மா இது?"

"அந்த அப்பாவோட சளி. மணியா இருக்கறது கிருமி. நூலா ஓடுறது பூஞ்சை. ரெண்டும் வேற வேற சாதி, ஆனா ஒரே குடித்தனம். மேல பூசியிருக்கே, அது அதுங்களே சுரந்து கட்டிக்கிட்ட பாசி. தண்ணித் தொட்டி ஓரத்துல கையை வச்சா வழுக்குமே, அதே மாதிரி. மூணு தடவையும் இதே கூட்டணிதான் வந்திருக்கு."

"அப்போ விஷம் இல்லையா?" அதிகாரியின் குரலில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"விஷத்துக்குக் குடித்தனம் நடத்தத் தெரியாது சார். மருந்து போட்டா, வெளியே மிதக்கற கிருமி சாகுது. பாசிக்குள்ள இருக்கறது சாகறதில்ல. கிருமியைக் கொல்ற மருந்து பூஞ்சையைத் தொடாது. பூஞ்சை மிச்சம் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுக் கிருமி மறுபடி வளரும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இதுங்களோட தாய்வீடு எங்கே இருக்கு? வாங்க, அவர் வீட்டைப் பார்த்துட்டு வருவோம்."

நோயாளியின் வீட்டுக் கதவைத் திறந்த மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கையில் ஈரத் துண்டுகள். கணவருக்கு அனுப்பத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதிகாரி, கொலைகாரியைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வேணும்னாலும் தேடிப் பாருங்க" என்றாள். "நாளைக்கு என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போனா, அப்புறம் என் தம்பி வீட்டு வாசலைக்கூட நான் மிதிக்க முடியாது. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"நீங்க ஊர்ல இல்லாதப்போ அவருக்கு உடம்புக்கு வந்ததுண்டா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டாவது தடவை அப்படித்தான். தம்பிக்கு ஆபரேஷன்னு போயிருந்தேன். அவர் பொண்ணுதான் இங்க வந்து தங்கி சமைச்சுப் போட்டா. அப்பத்தான் காய்ச்சல் வந்துச்சு. நான் முன்னாடியே கலந்து வச்சதுதான் வேலை செஞ்சுச்சுன்னு சொல்றா."

சமையலறையை டாக்டரம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனார். குவளையில் இரண்டு பல்துலக்கிகள் இருந்தன. மனைவியுடையது தேய்ந்து, நார் வளைந்திருந்தது. கணவருடையது கடையில் வாங்கியபடியே விறைப்பாக நின்றது. நாரிடுக்கில் பற்பசையின் சுவடுகூட இல்லை. அலமாரியில் வாய் கொப்பளிக்கும் மருந்து வரிசையாக அரை டஜன் பாட்டில்.

"இவ்வளவு எதுக்கு?"

மனைவி தயங்கினாள். "அவருக்கு வாய் கொஞ்சம்... நாத்தம் அடிக்கும். சொன்னா மனசு கஷ்டப்படும்னு நான் சொல்லிக்கறதில்ல. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்."

அதிகாரி கூடத்துக்கு வந்தபோது டாக்டரம்மா கல்யாணப் போட்டோவின் முன் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர், எழுபதை நெருங்கியவர், வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசைப் பல் ஒன்றுகூட ஏறவில்லை, இறங்கவில்லை, கறுக்கவில்லை.

"உங்க சமையலைச் சாப்பிட அவர் எப்பவாவது பயந்தாரா?"

"பயமா? ராத்திரி என் பக்கத்துலதான் தூங்குவார். நான் போட்டாத்தான் சாப்பிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் என்னைப் பார்க்க மாட்டேங்கறார். வாசல் பெஞ்சுலயே உட்கார்ந்துட்டு வந்துடறேன்."

"இன்னைக்கு உள்ளே வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மகள் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு, மனைவி கதவோரம். அவளைப் பார்த்ததும் அறிவிப்பாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"பார்த்தீங்களா? நடுங்கறார்!" என்றாள் மகள்.

டாக்டரம்மா குனிந்து, அவர் காதோரம், ஆனால் பக்கத்தில் நின்ற அதிகாரிக்கும் கேட்கும்படி சொன்னார். "ஐயா, நீங்களே சொல்றீங்களா? இல்ல, நான் சொல்லட்டுமா? ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பற ரகசியத்தை என்னால கட்டிக் காப்பாத்த முடியாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"விஷம் எதுவும் இல்ல. பொண்ணு சமைச்சப்பவும் காய்ச்சல் வந்துச்சு, மனைவி சமைச்சப்பவும் வந்துச்சு. அப்போ சாப்பாடு காரணம் இல்ல. வீட்டுல இருந்து இங்கே வந்ததும் மாறறது வேற ஏதோ ஒண்ணு. மனைவியைக் கண்டு பயப்படறவர் வீட்டுல பக்கத்துலயே படுத்துத் தூங்குவாரா? இங்கே மட்டும்தான் பயம். அப்படின்னா இங்கே அவர்கிட்ட இருக்கற எதையோ மனைவி பார்த்துடக் கூடாது. இல்லேன்னா, இங்கே அவர்கிட்ட இல்லாமப் போன எதையோ."

இழுப்பறையைத் திறந்து ஒரு டம்ளரை எடுத்தார். தண்ணீருக்குள் ஒரு முழு மேல்வரிசைப் பல்செட்டு கிடந்தது.

"ஆக்சிஜன் மாஸ்க் போடறதுக்காக நர்ஸ் முதல் வேலையா இதைக் கழட்டிடுவாங்க. வீட்டுக்குப் போனதும் மறுபடி மாட்டிக்குவார். பல்செட்டு இருக்கறதே மனைவிக்குத் தெரியாது. அதனால ராத்திரியும் கழட்டறதில்ல. எடுத்துத் தேய்ச்சாத் தெரிஞ்சுடும். அதனால வாயில வச்சுக்கிட்டே கொப்பளிச்சுத் துப்பறதோட சரி. அந்தப் பல்துலக்கி சும்மா பார்வைக்கு."

கையுறை மாட்டிக்கொண்டு பல்செட்டை எடுத்துத் திருப்பினார். அண்ணத்தில் ஒட்டும் பக்கம் மஞ்சளும் சாம்பலுமாகப் படலம் படிந்திருந்தது. ஒரு குச்சியால் சுரண்டினார். அது நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. வந்த நாற்றத்தில் மகள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதிகாரி ஜன்னலைப் பார்த்து நகர்ந்தார்.

"இதுதான் தாய்வீடு. இதைச் சுரண்டி மத்தியானமே நுண்ணோக்கியில பார்த்தேன். சளியில இருந்த அதே கிருமி, அதே பூஞ்சை. கொப்பளிக்கற மருந்து இந்தப் பாசி மேல வழிஞ்சு ஓடிடும். தூங்கும்போது எச்சிலோட கொஞ்சம் கொஞ்சமா மூச்சுக்குழாய்க்கு இறங்கி, அங்கேயும் இதே மாதிரி கட்டடம் கட்டிடும். இங்கே மருந்து போட்டு நாம இடிப்போம். வீட்டுக்குப் போனதும் புதுசா ஆள் இறங்கும். இனிமே இதைத் தூக்கி எறிஞ்சுட்டு, ரெண்டு வகை மருந்தும் சேர்த்துக் கொடுத்தா மனுஷன் பிழைச்சுக்குவார்."

முதலில் வாய் திறந்தது மகள்தான்.

"அப்போ என்கிட்ட ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? அவளைப் பார்த்தா பயமா இருக்குன்னு?"

அறிவிப்பாளர் துண்டை எடுத்தார். கன்னம் உள்ளே ஒட்டிப்போய், உதடு மடிந்து, வேறு யாரோ போலிருந்தார். "நீ துருவித் துருவிக் கேட்டே. ஏதாவது சொல்லணுமேன்னு..."

"விஷம் வைக்கிறாளான்னு கேட்டேனே. அதுக்கும் தலையாட்டினீங்களே!"

அவர் துண்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் முன்பு அந்தப் பாசியைப் பார்த்தபோது அதிகாரிக்கு அருவருப்பு வந்தது நிஜம்தான். ஆனால் நாலு பல்லுக்காகக் கட்டினவளைக் கொலைகாரியாக்கிவிட்டுச் சொகுசாகப் படுத்திருந்த இந்த மனிதரைப் பார்த்தபோது வந்த அருவருப்பு அதைவிடப் பெரிது. காலையில் குஷியோடு ஓடியதை நினைத்தபோது தன்மேலும் கொஞ்சம் வந்தது.

மனைவி முன்னால் வந்து டம்ளரை எட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"சீ" என்றாள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள். "இதை எங்கிட்ட நீங்க சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா தினமும் நானே தேய்ச்சுக் கழுவிக் குடுத்திருப்பேன். வாய் நாத்தத்தையே சொல்லாம சகிச்சுக்கிட்டவ நான். என்னைப் பார்த்தா பயம்னு சொன்னீங்களே, அதை எந்தத் தண்ணியில போட்டுக் கழுவறது?"

துவைத்து மடித்துக் கொண்டுவந்த துண்டுகளைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மகள் பின்னாலேயே ஓடிப் படிக்கட்டருகே பிடித்தாள். அதிகாரியும் என்ன ஆகுமோ என்று கதவுக்கு வந்தார்.

"சித்தி, நில்லுங்க சித்தி..."

"சித்தியெல்லாம் வேண்டாம். போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.