வேலை நின்றால்தான் காயம்

மதிவதனி நீட்டிய பரிசுக் கேடயத்தை ஷாஹிதா வலக்கையால் வாங்கிக்கொண்டாள். தோளிலிருந்து விரல்நுனி வரை சாம்பல் நிறத் தசையுறை. ஆம்பூர் காலணி ஆலையின் அந்தத் தையல் கூடத்தில் முக்கால்வாசிப் பெண்கள் அதை அணிந்திருந்தார்கள். கை செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு, கை ஓய்ந்தாலும் தானே செய்யும் உறை அது. வலியையும் மரத்துப்போக வைக்கும். அது வந்தபின் மாநிலத்தின் பணியிடக் காயங்கள் குறைந்துகொண்டே வந்து, இந்த வருடம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அறிவித்து, அதற்கான கேடயத்தைக் கொடுக்க வந்திருந்தவள் புள்ளியியல் துறை அதிகாரி மதிவதனி. காயத்தால் வேலை நின்றால் மட்டுமே அது காயம் என்று விதி எழுதியவளும் அவள்தான்.

ஷாஹிதா கேடயத்தை இடக்கைக்கு மாற்ற, போட்டோவுக்காக மதிவதனி கைகுலுக்கினாள். பிடி உறுதியாக இருந்தது. ஆனால் உறைக்குள் ஏதோ நறநறவென்று உரசியது.

"உள்ள என்னம்மா சத்தம்?"

ஷாஹிதா குரலைத் தாழ்த்தினாள். "எலும்பு மேடம். ரம்ஜானுக்கு முன்னாடி மிஷின்ல மாட்டிச்சு. கை ஓடுதே, லீவு எதுக்குன்னுட்டாங்க."

"வலிக்கலையா?"

"இது இருக்கிற வரைக்கும் தெரியாது. ராத்திரியிலயும் கழட்டறதில்ல. தூங்கறப்பவும் தைச்சிக்கிட்டே இருக்குது."

மதிவதனிக்குக் காது சுட்டது. விதி எழுதிய கூட்டத்தில், "உறை போட்டவங்களை எப்படிக் கணக்கெடுக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். "வேலைதான் செய்யறாங்களே, அப்புறமென்ன?" என்று சொல்லிச் சிரித்தது அவள்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மேலாளர் பிரசன்னாவிடம் திரும்பினாள். "இதைக் காயம்னு பதிவு பண்ணுங்க."

"வேலை நிக்கலையே மேடம். உங்க விதிதானே?" அவன் பணிவாகத்தான் கேட்டான்.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த அவமானம் ஆத்திரமாகத் திரும்ப, எட்டி ஷாஹிதாவின் தோளிலிருந்த கொக்கியை இழுத்துவிட்டாள்.

"வேணாம் மேடம்..."

உறை நழுவி விழுந்தது. முழங்கைக்குக் கீழே கறுத்து வீங்கிய கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்து தொங்கியது. அடக்கி வைத்த வலியெல்லாம் ஒன்றாக வந்து இறங்கியதில் ஷாஹிதா அலறிக்கொண்டே சரிந்தாள். கூடத்தில் எல்லா இயந்திரங்களும் நின்றன.

முதலுதவி அறைக்குப் பிரசன்னா பதிவுத்திரையைக் கொண்டுவந்தான். "இப்ப வேலை நின்னுடுச்சு மேடம். மாநிலத்துல இந்த வருஷத்துக்கு இது ஒண்ணுதான்."

காயம் ஏற்பட்ட நாள்: இன்று. காரணம்: கேடயம் வழங்க வந்த அதிகாரி உறையைக் கழற்றியது.

விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. மதிவதனி அதற்கு ஒப்புதல் தராவிட்டால் ஷாஹிதாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். படுக்கையிலிருந்து ஷாஹிதா மெல்லிய குரலில், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல மேடம்," என்றாள்.

தலைகுனிந்தபடி வெளியே வந்த மதிவதனி நின்றுவிட்டாள். வாசலில் தொடங்கிய பெண்களின் வரிசை கூடத்தின் கோடி வரை நீண்டிருந்தது. முன்னால் நின்ற ரெஜினா உறையணிந்த கையை நீட்டினாள்.

"எனக்கும் கழட்டி விடுங்க மேடம். நாங்களா கழட்டினா வேலைய விட்டுட்டதா எழுதிடுவாங்க. நீங்க கழட்டினாதான் கணக்குல வரும்."

பிறகு துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்தபடி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.