பக்கத்தாலை போ

நாலாம் மாடி வாசலில் மணல் கிடந்தது.

அதிகமில்லை. கால்மிதியில் ஒரு கைப்பிடி, கடைசிப் படியின் விளிம்பில் இன்னும் கொஞ்சம். ஜெனிற்றா முதலில் கட்டட வேலைக்காரரைத்தான் மனதுக்குள் திட்டினாள். பாரிஸின் இந்த ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் எந்த மாதமும் ஏதாவதொரு கட்டடத்தைக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். கிண்டுகிறவர்கள் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் படியேறினால் குறைந்தா போய்விடுவார்கள்? ஆனால் குனிந்து தொட்டபோது அது சீமெந்துக்குக் குழைக்கிற மணலில்லை. மெல்லிய வெள்ளை மணல். ஈரம். நடுவில் நகத்தளவு சிப்பித் துண்டொன்று. மன்னாரில் பிறந்தவளுக்குக் கடற்கரை மணலை யாரும் காட்டித்தரத் தேவையில்லை. மாசி மாதம், மாலை ஆறு மணி, வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, மூன்று நாளாக மழையுமில்லை.

“சுஜானி! சப்பாத்தோடை எங்கை போய் உழக்கிப்போட்டு வந்தனி?”

மகளின் அறைக் கதவு திறக்கவில்லை. “சே பா முவா, மமோ,” என்று மட்டும் உள்ளிருந்து வந்தது. நானில்லை அம்மா என்பதை அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லும். பதினைந்து வயது. காதில் எப்போதும் ஹெட்போன், விரல் நகங்களில் பாதி உரிந்த கறுப்புப் பூச்சு. அந்தக் கறுப்பைப் பற்றித் தாயும் மகளும் பிடிக்காத சண்டையில்லை.

“சரி விடு. அடுப்பிலை ரசம் சூடாகுது, பக்கத்து வீட்டு அருட்பிரகாசம் அங்கிளுக்கு. மனுசன் மூண்டு நாளாய் இருமிக்கொண்டு கிடக்குது. கொண்டுபோய்க் குடுத்திட்டு, அவர் விசாவுக்குப் பிரிபெக்தூர் கந்தோருக்குப் போக ஒரு ரன்டெவூவும் கொம்பியூட்டரிலை எடுத்துக் குடு.”

“வி, வி.”

‘ஓம்’ என்கிற அந்த ‘வி’க்கு இந்த வீட்டில் ‘இண்டைக்கில்லை’ என்று அர்த்தம். ஜெனிற்றா தும்புத்தடியை எடுத்து வந்து மணலைக் கூட்டினாள். அந்த மாடியில் இரண்டே இரண்டு வீடுகள். பழைய கட்டடம் என்பதால் ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் ஒரு கண்ணாடிப் பலகை இருந்தது. அருட்பிரகாசத்தின் கதவுக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, உள்ளே இருமல் கேட்டது. தனிக்கட்டை மனிதர், பாவம். அவள் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பினாள். கால்மிதியில் மறுபடி மணல் இருந்தது.

கூட்டினது காணாது போலிருக்கு என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு கதவைப் பூட்டினாள். பூட்டிய பிறகும் மூக்கில் ஒரு மணம் நின்றது. மீன் மணமில்லை. மீன் கடை கீழேதான் இருக்கிறது, அந்த மணம் அவளுக்குப் பழக்கம். இது கரையில் ஒதுங்கி அழுகுகிற பாசியின் மணம்.

அந்த மணத்தோடு, நினைக்கவே கூடாது என்று மூன்று கிழமையாக ஒதுக்கிவைத்திருந்த ஆள் நினைவுக்கு வந்துவிட்டாள். மரியான்.

ஜெனிற்றாவின் தம்பி பிரின்ஸ்டன் அவுஸ்திரேலியாவில், கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாங்கியிருந்தான். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அக்காவின் பெயரும் உண்டு. வாங்கிய நாலாம் வருடம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. பின்வளவு வேலி போனது, புல்தரை போனது. கல்லணை கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டமும், கட்டக்கூடாது என்று ஒரு கூட்டமும் அந்த ஊரில் இரண்டுபட்டன. கவுன்சில் எலெக்சனே அந்த அணையை வைத்துத்தான் நடந்தது. வேண்டாம் என்ற கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் பிரின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரி மரியான், எண்பத்தொரு வயது வெள்ளைக்காரக் கிழவி. அவளது வளவோடு அணை முடிவதாகத் திட்டம். வளவு தொடங்குகிற இடத்தில்; அவளது வீடு அணைக்கு வெளியே.

ஜெனிற்றா வேலை செய்வது ரூ பெர்தொனேயில் ஒரு புடவைக் கடை. லாச்சப்பல் கடைத்தெருவுக்கு வந்து சேலை எடுக்காத சனமில்லை, அவுஸ்திரேலியாவில் ஒரு மச்சானோ மச்சாளோ இல்லாத சனமுமில்லை. சேலையின் கரை பார்த்து மடித்துக்கொடுக்கும்போதே கேட்பாள்: “உங்கடை ஆக்கள் ஆரும் அந்தப் பக்கம் இருக்கினமோ? ஒருக்கால் ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோவன், அணை கட்டுற ஆளுக்குப் போடச் சொல்லி.” பதினொரு வாக்கு வித்தியாசத்தில் அணைக்காரர் வென்றார். “அந்தப் பதினொண்டும் உங்கடை வோட்டு அக்கா,” என்று தம்பி சிரித்தான். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

வேலை தொடங்குவதற்கு வீட்டுக்காரர் இருவரும் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மரியானின் கடிதம் பாரிஸுக்கே வந்தது. கையெழுத்தில், நடுங்கி நடுங்கி. சுஜானிதான் வாசித்துச் சொன்னாள். ‘உங்கள் தம்பி நல்லவர். அவர் வாசலில் கடலைத் திருப்பிவிட்டால் அது வீட்டுக்குத் திரும்பிப் போகாது, அம்மா. பக்கத்து வாசலுக்குத்தான் போகும். தயவுசெய்து யோசியுங்கள்.’ ஜெனிற்றா யோசிக்கத்தான் செய்தாள், ஒரு பகல் முழுக்க. பிறகு கையெழுத்து வைத்தாள். கடிதம் மின்சார பில்களோடு மேசை லாச்சிக்குள் போனது. பதில் எழுதவில்லை.

மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு புயல். அணைக்குப் பின்னால் தம்பியின் வீட்டில் ஓர் ஓடு நகரவில்லை. அணையில் அடிபட்டுத் திரும்பிய கடல் மரியானின் வீட்டை ஒரே இரவில் அத்திவாரத்தோடு எடுத்துப்போனது. கிழவி உள்ளேயிருந்தாள். அகப்பட்டது ஒரு குசினிக் கதவு மட்டும்தான்.

ஆறே முக்காலுக்குத் தம்பியின் அழைப்பு வந்தது. ஜெனிற்றா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பயமான கதைகள் பிள்ளையின் காதில் விழக்கூடாது.

“அக்கா, திரும்பவும் ஒரு புயல். போனதை விடப் பெரிசாம். விடியப்புறம் அஞ்சரைக்கு வத்து மாறிக் கடல் பெருகி உச்சத்துக்கு வருதாம். உங்கை ஏழரை.”

“பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடன்ரா!”

“றோட்டு முழுக்கத் தண்ணி. எங்கை வெளிக்கிடுறது?” அவன் குரல் சின்ன வயதில் இருட்டைக் கண்டு அழுத குரலாகிவிட்டது. “அந்தோனியாரைத் திருப்புங்கோ அக்கா. மன்றாடுங்கோ.”

அது அவர்கள் குடும்பத்து வழக்கம். புயல் வந்தால் அந்தோனியார் சுரூபத்தை எடுத்துக் கடல் வருகிற திசைக்கு முகம் திருப்பி வைப்பார்கள். வைத்து, மூன்று தரம் சொல்வார்கள்: ‘பக்கத்தாலை போ.’ இங்கே வராதே, பக்கத்தாலை போ. இடிக்கும் சொல்வார்கள், சூறைக்கும் சொல்வார்கள், வாந்திபேதிக்கும் சொன்னதுண்டு. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் முழங்காலிட்டாள். ஃபோனைக் கட்டிலில் வைத்து, ஒலியைப் பெரிதாக்கி, கண்ணை மூடிச் செபமாலையை உருட்டினாள். ஃபோனுக்குள் காற்று ஊளையிட்டது. அலை அடித்தது. கல்லில் மோதி, இழுத்து, மறுபடி மோதி. பத்துப் பத்து மணியாக எத்தனை காரணிக்கம் சொன்னாளோ தெரியாது. திடீரென்று ஒன்று உறைத்தது. கண்ணைத் திறந்தாள். ஃபோனில் தொடர்பு எப்போதோ அறுந்திருந்தது. திரை கறுப்பாகக் கிடந்தது.

அலைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கார் து நோர்ப் பக்கம் போகிற ரயில், என்றாள் தனக்கு. ரயில் அதிரும், போய்விடும். இது போகவில்லை. இது வந்தது, இழுத்தது, வந்தது. படிக்கட்டின் அடியிலிருந்து. ஒவ்வொரு தரமும் ஒரு படி மேலே.

அறையை விட்டு வெளியே வந்தாள். மகளின் கதவு சாத்தியபடி. கீழ் இடுக்கில் வெளிச்சம். நல்லது, உள்ளேயே இருக்கட்டும், ஒன்றும் தெரியவேண்டாம். துவாய் எடுக்கக் குசினிக்குள் ஓடினாள். அடுப்பில் ரசச் சட்டி இல்லை. அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. ஏனென்றால் வாசலில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவுக்கு அடியால். மெல்ல, நுரையோடு. பாயைத் தொட்டது, பின்வாங்கியது, ஈர மணலை விட்டுவிட்டுப் போனது. மறுபடி வந்தது. இந்தத் தரம் அவளது கால்விரல் வரை. குளிர்ந்த உப்புத் தண்ணீர்.

கதவின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். படிக்கட்டு விளக்கு அணைந்திருந்தது. இருட்டுக்குள் இருட்டு அசைந்தது. கைப்பிடிக் கம்பியின் உயரத்தில் ஏதோ பலகையாக ஒன்று மிதந்து வந்து, அவள் கதவில் மெதுவாக இடித்தது. வெள்ளைப் பெயின்ற் அடித்த பலகை. பித்தளைப் பிடி.

ஒரு குசினிக் கதவு.

“யேசுவே! என்ரை யேசுவே!”

துவாய்களை உருட்டி இடுக்கில் அடைத்தாள். கம்பளியை அடைத்தாள். தண்ணீர் அவற்றின் மேலால் வந்தது. கணுக்கால். அந்தோனியாரைத் தூக்கி வந்தாள். அவசரத்தில் சுரூபத்தின் அடி கதவு நிலையில் இடிபட்டு ஒரு துண்டு தெறித்தது. சப்பாத்துத் தட்டின் மேல் வைத்து, முகத்தை வாசலுக்குத் திருப்பினாள். உள்ளே பிள்ளை இருக்கிறாள். என்ரை பிள்ளை. ஒரே பிள்ளை. அவளுக்கு வேறு நினைவே இருக்கவில்லை.

“பக்கத்தாலை போ!”

கதவு முனகியது.

“பக்கத்தாலை போ! இஞ்சை வராதை! பக்கத்தாலை போ!”

நின்றது.

அப்படியே நின்றது. தண்ணீர் துவாய்களுக்குள்ளால் உறிஞ்சப்பட்டது போல வெளியே போனது. சத்தமும் போனது. ஏழு முப்பத்திரண்டு. படுக்கையறையில் ஃபோன் அடித்தது.

“அக்கா! திரும்பீட்டுது! கண்ணாலை கண்டனான் அக்கா, எங்கடை அணையிலை வந்து அப்படியே மற்றப் பக்கம் திரும்பீட்டுது! நன்றி சொல்லுங்கோ அந்தோனியாருக்கு!”

ஜெனிற்றா சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. ஃபோனைக் காதில் வைத்தபடியே மகளின் கதவைத் திறந்தாள். இன்றைக்கு அந்தக் கறுப்பு நகங்களைக்கூடக் கொஞ்சலாம் என்றிருந்தது.

கட்டில். மேசை விளக்கு. கதிரையில் ஹெட்போன்.

பிள்ளை இல்லை.

ஃபோன் திரையில், தம்பியின் பெயருக்குக் கீழே, வாசிக்காத செய்தி ஒன்று. ஏழு பத்துக்கு வந்தது. பிரெஞ்சில். ரசம் கொண்டு அங்கிளிடம் போகிறேன், ரன்டெவூ எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன், கத்தாதே. கடைசியில் ஒரு சிரிப்பு முகம்.

சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

சுஜானியின் கட்டில் ஒட்டியிருக்கும் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அருட்பிரகாசத்தின் கூடம். தட்டல் கீழே, நிலத்தோடு. பிறகு முழங்கால் உயரத்தில். பிறகு தோள் உயரத்தில், வேகமாக, இரண்டு கையாலும். பிறகு தலைக்கு மேலே.

கதவைத் திறந்து பாய்ந்தாள். நடைபாதையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கால்மிதி காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கதவைத் தோளால் இடித்தாள். சுவரை இடித்தது போலிருந்தது. உள்ளிருந்து எதுவோ அவ்வளவு பாரமாக அதை அழுத்திக்கொண்டிருந்தது.

“சுஜானி! சுஜானி! அண்ணை, கதவைத் திறவுங்கோ!”

ஓடிப்போய்ச் சுரூபத்தைத் தூக்கி வந்தாள். அந்தோனியாரின் முகத்தைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினாள். “இஞ்சாலை வா! என்ரை வீட்டை வா! எனக்கு வா! எனக்கு!” நாலு மாடியும் கேட்கக் கத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. திருப்பிவிட்ட கடல் திரும்பி வரவில்லை.

“அக்கா?” என்றான் பிரின்ஸ்டன், கையிலிருந்த ஃபோனுக்குள். “இஞ்சை விடியப்போகுது. எங்கடை பக்கம் ஒண்டுமில்லை. கேக்குதோ அக்கா?”

கதவுக்கு மேலே, கண்ணாடியில், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மேல் மஞ்சள். கீழே பச்சை. மஞ்சள் ஒரு விரலளவாயிற்று. நூலளவாயிற்று. போயிற்று.

பச்சைக்குள்ளிருந்து ஒரு கை வந்து கண்ணாடியில் படிந்தது. சின்னக் கை. நகங்களில் பாதி உரிந்த கறுப்பு. விரல்கள் ஒருதரம் மடங்கி விரிந்தன.

அதன்மேல், அவசரமே இல்லாமல், சுருக்கம் விழுந்த வெள்ளைக் கையொன்று வந்து பொத்திக்கொண்டது.