பெட்டிக்குள் ஈரம்

உடன் ஆய்வு செய்த ஆல்பின் இறந்த பதினேழாம் நாள், காலை பத்தரைக்கு நுஸைபா ஆய்வுக்கூடத்தின் பூட்டைத் திறந்தாள். வெளியே தஞ்சாவூர் வெயிலில் நடவு வயல்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. உள்ளே லேசருக்காகச் சன்னல்களை அடைத்த இருட்டு. உள்ளே நுழைய மனமே இல்லை. ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

மேசைமேல் மூடிய நீளப் பெட்டி. அதற்குள் அகச்சிவப்புக் கதிர் ஓடும். இமைப்பொழுதைவிட லட்சம் கோடி மடங்கு சிறிய லேசர் துடிப்பு ஒன்று படிகத்தில் அதைச் சந்தித்து, அலையைத் துண்டு துண்டாக அளந்து திரையில் வரையும். காற்றில் ஈரம் இருந்தால் போச்சு, அலைக்குப் பின்னால் ஒரு நடுக்கம் நீளும். டெல்டாவில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால் நைட்ரஜனை விட்டு ஈரக்காற்றை விரட்டுவார்கள்.

ஆல்பின் இறந்த அன்று அதுவும் போதாமல், வெளி ஈரம் நுழையாதிருக்க எக்ஸாஸ்ட் ஃபேனின் வாயை டேப் போட்டு அடைத்தவள் நுஸைபாதான். ஆல்பினிடம் சொல்ல மறந்து சாப்பிடப் போய்விட்டாள். கசிந்த நைட்ரஜன் ஆல்பின் தனியே இருந்த அறையை நிரப்பியது. அதற்கு மணம் கிடையாது. மூச்சு முட்டுவதும் தெரியாது.

விசாரணையில், அடைத்தது ஆல்பின்தான் என்று சொல்லிவிட்டாள்.

லேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவியை ஓட்டினாள். பெட்டிக்குள் ஈரம் பூஜ்யம் என்றது மானி. திரையில் சுத்தமான அலை.

அலைக்குப் பின்னால் நடுக்கம் எழுந்தது.

அடங்கியது.

நான்கு நொடியில் மறுபடி எழுந்தது. யாரோ மூச்சு விடும் நிதானத்தில்.

அகச்சிவப்புக் கதிரை அட்டையால் மறைத்தாள். இனி திரையில் வெறும் கோடுதான் இருக்க வேண்டும். அலை போய்விட்டது. நடுக்கம் மட்டும் அங்கேயே மூச்சு விட்டது.

கைபேசி அதிர்ந்தது. கீழ்வேளூரிலிருந்து ஆல்பினின் தாய் அமலோற்பவம். விசாரணை அறிக்கை வந்ததாம், எழுத்துக் கூட்டிப் படித்தாராம்.

"அவன் அவ்வளவு அசட்டையான பிள்ளை இல்லம்மா. நெசமாவே அவன்தான் அடைச்சானா? நீ சொல்லு, நம்பிக்கிறேன்."

 நுஸைபாவுக்கு உண்மையைச் சொல்ல ஆசையாகவே இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஆமாம்மா," என்றாள் கிசுகிசுப்பாக. "ஆல்பின்தான்."

 எதிர்முனையில் அழைப்பு அறுந்தது.

திரையில் நடுக்கம் நின்றுவிட்டது. வெறும் கோடு.

பெட்டிக்குள் எதுவும் இல்லை.

அப்பாடா என்று நிமிர்ந்தாள். கண்முன் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. லேசர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. விரலை உள்ளே நுழைத்துத் துடைத்தாள்.

உள்பக்கம் காய்ந்திருந்தது.

வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். ஒரு கணம் தெளிந்தது. நான்கு நொடியில் அதே இடம், கண்ணுக்கு நேரே, மெல்ல மறுபடி மங்கியது.