குயிலியின் பிடி

விளக்கேற்றும் நேரமானால் மரகதவல்லி மொட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வாள். மொட்டை ஒரு துணிப் பொம்மை. இப்படி அணைப்பதற்குச் சூடேற்றுவது என்று பெயர். பொம்மை இருக்கும் வீடுகளில் எல்லாம் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இப்படிப் பொம்மையை அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். தெருவே கண் செருகிக் கிடக்கும்.

ஒரு காலத்தில், ஓவியர்கள் வடிவமைத்த பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடிக்குள் வைத்தார்களாம். கை படாத பொம்மைக்குத்தான் மதிப்பு. ஓவியர் தமயந்திக்கு அது பொறுக்கவில்லை. உயிரிழையில் பொம்மை நெய்தார். கைச்சூட்டில் வாழும் இழை அது. பூட்டி வைத்தால் விறைத்துவிடும். தன்னை எப்படித் தூக்குகிறார்கள் என்பதையும் பழகிக்கொண்டு, மறுமுறை அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். அதைப் பிடிநினைவு என்றார்கள். அதன் பிறகு சேகரிப்பவர்கள் பொம்மையும் கையுமாக, அதோடு விளையாடக் குழந்தைகளைத் தேடி அலைந்தார்கள்.

மரகதவல்லி அலையவில்லை. காய்ச்சலில் போன மகள் குயிலியின் பிடி மொட்டைக்குள் இருந்தது. வேறு குழந்தை விளையாடினால் அது அழிந்துவிடும். அதனால் மூன்று வருடமாக அவளே சூடேற்றினாள். அணைத்ததும் பொம்மை அவள் தோளில் தலை சாய்க்கும். குயிலியே சாய்வது போலிருக்கும்.

பெரியவர்களின் சூடு போதவில்லை. இந்த மழைக்காலத்தில் மொட்டையின் விரல்கள் விறைக்கத் தொடங்கின. உடல் முழுதும் விறைத்தால் குயிலியும் மிஞ்சமாட்டாள். பிடியை மட்டும் படியெடுத்துக்கொண்டு பொம்மையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்று கோவைப் பொம்மையகத்துக்குப் போனாள்.

அங்கே வேலை பார்க்கும் ஜெயசீலன் மொட்டையை, பிடிநினைவைப் படிக்கும் பிடிமானியில் நிமிர்த்தி உட்காரவைத்தான். திரையைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

“அக்கா, தினமும் அணைச்சுப் பிடிச்சீங்களா?”

“ஆமா தம்பி. சூடேத்தணுமில்ல?”

“தப்புச் சொல்லலீங்க்கா. இதுல பாப்பாவோட பிடி தெரியலீங்க. முழுக்க நீங்கதான் இருக்கீங்க.”

தோளில் சாய்ந்தது குயிலி இல்லை. தன் அணைப்பைத்தான் பொம்மை இத்தனை நாளும் தனக்கே திருப்பித் தந்திருக்கிறது.

“அப்ப, நாந்தான் அழிச்சுட்டனா?”

ஜெயசீலன் தண்ணீர் எடுத்து வைத்தான்.

வெளியே, பொம்மையை வாங்கிக்கொள்ள வந்த சஃபீரா தன் அப்பாவோடு காத்திருந்தாள். ஐந்து வயது, தரை கூட்டும் பாவாடை. மரகதவல்லி பொம்மையை நீட்டினாள்.

“பேரு மொட்டை.”

“மூக்கு எங்க?”

“என் பொண்ணு கடிச்சுட்டா.”

“நல்லா இருந்துச்சாமா?”

“அவகிட்டதான் கேக்கணும்,” என்றாள் மரகதவல்லி. சிரிப்பு வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

சஃபீரா மொட்டையை ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்படித் தூக்காதே கண்ணு என்று மரகதவல்லியின் வாய் வரை வந்துவிட்டது. குயிலியிடமும் தினம் சொன்னதுதான். அவள் கேட்டதே இல்லை.

அப்போது மொட்டையின் கைகள் மெல்லக் கீழே நீண்டன. விறைத்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சஃபீராவின் பாவாடை ஓரத்தை எட்டிப் பற்றிக்கொண்டன.

குயிலியின் பாவாடையையும் மொட்டை இப்படித்தான் பற்றும். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட மரகதவல்லி அதைத் தலைகீழாகத் தூக்கியதில்லை. அந்தப் பிடி மட்டும் அவள் கை படாமல் அப்படியே இருந்திருக்கிறது.

“அக்கா, பொம்மையை வாங்கி, தலைகீழாத் தொங்கவிட்டுப் படியெடுத்துடட்டுங்களா?” ஜெயசீலன் ஓடிவந்து கேட்டான். “இந்தப் பாப்பா நாலு நாள் விளையாண்டா இதுவும் போயிருமுங்க.”

மரகதவல்லி, நடந்துபோகும் அந்தச் சின்ன முதுகைப் பார்த்தாள்.

“வேண்டாம் தம்பி. அவ போகட்டும்.”

வாசற்படியில் பாவாடை இழுபட்டு, சஃபீரா தடுமாறி நின்றாள். குனிந்து, முகத்தைச் சுளித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பொம்மையை அதட்டினாள்.

“விடு மொட்ட, விடு.”

குயிலியின் அதே அதட்டலைக் கேட்டுத்தான் மரகதவல்லியின் வீடு ஒரு காலத்தில் தினமும் விழித்தது.