முள் ஏன் எழுபதில் நின்றது?

காலை ஏழு மணிக்குக் கார் படுத்துவிட்டது. பத்து மணிக்குக் கல்யாணம்.

வரதராஜன்பேட்டை சவரியார் வீட்டு வாசலில், பூச்சரம் கட்டிய பழைய அம்பாசடர் கரும்புகை கக்கி, இருமி, அடங்கியது. கல்யாணத்துக்கு மாதா கோயிலுக்குப் போனால் இந்தக் காரில்தான் என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்தவள் மணப்பெண், அவர் மகள் ஷாலினி மேரி.

மெக்கானிக் ராஜதுரை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தார். நூற்றிருபதைத் தொடவேண்டிய முள் எழுபதில் நின்றது. நாலு சிலிண்டரிலும் அதே எழுபது.

"போன மாசந்தான் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டேன்னு சொன்ன. பழசையே மாட்டி ஏமாத்திட்டியாடா?" சட்டைக் கையால் வியர்வையைத் துடைத்தபடி கத்தினார் சவரியார்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லண்ணே."

தெருவே கேட்டது. இந்தப் பேச்சு பரவினால் ராஜதுரை பட்டறையை மூட வேண்டியதுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் மேகலா. மணப்பெண்ணின் தோழி, குரும்பலூர்க்காரி. வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

"பொடவ கறையாயிடும், உள்ள போம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"பொடவய தொவச்சுக்கலாம். நீங்க வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க."

விசாரணை தொடங்கியது.

"ராஜதுரைண்ணே, சிலிண்டர்ல கொஞ்சம் எண்ண விட்டு மறுபடி பாத்தீங்களா?"

"பாத்தேன். முள் ஏறவே இல்ல."

"ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுதான பாத்தீங்க?"

"முழுசா."

"அப்பா, கடைசியா எப்ப ஓட்டுனீங்க?" தோழியின் அப்பா அவளுக்கும் அப்பாதான்.

"நேத்து. அரியலூருக்குப் போயி கேக் எடுத்தாந்தேன்." சவரியார் குரல் தாழ்ந்தது. "வழி பூரா சிமெண்ட் லாரி. ஒரே சுண்ணாம்புப் புழுதி."

உள்ளிருந்து அவர் மனைவி ஏஞ்சல் மேரி குரல் கொடுத்தார். "என்னங்க, சம்பந்தி எடுத்துக் குடுத்த சரிகைத் துண்டு எங்க? நேத்துலேருந்து தேடுறேன்!"

"எங்கயாச்சும் கெடக்கும்!"

மேகலா சவரியாரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள்.

"ரிங் தேஞ்சிருந்தா, விட்ட எண்ண அந்த இடுக்க அடைச்சு முள் ஏறும். ஏறல. ரிங் நல்லாருக்கு. வால்வுன்னா, நாலு சிலிண்டர்லயும் ஒரே நாள்ல, ஒரே அளவுலயா போகும்? இன்ஜின் அமுக்குறதுக்கு உள்ள காத்து வந்தாதான! மூச்சுக்கொழாய எதோ அடைக்குது. அதான் கரும்பொகையும்."

இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரின் மூடியைத் திறந்தாள். கார்பரேட்டர் வாய்க்குள் பாதி இழுபட்டுக் கிடந்தது ஒரு துண்டு. சரிகைக் கரை.

"கல்யாண வூட்டுல தோள்ல துண்டில்லாம, சட்டைக் கையில வேர்வ தொடைக்கிற ஒரே ஆள் நீங்கதான்ப்பா."

சவரியார் நெளிந்தார். "நேத்து கெளம்புறப்ப நாந்தான் உள்ள வெச்சேன். புழுதி போனா புது ரிங்க தின்னுடுமேன்னு... பழைய துண்டெல்லாம் ஓட்ட. இதுதான் நெருக்கமா நெய்ததா இருந்துது."

துண்டை உருவியதும் ராஜதுரை மறுபடி கேஜை வைத்தார். முள் துள்ளி நூற்றிருபதில் நின்றது. வாசலில் விசில் பறந்தது. ஜன்னலில் ஷாலினி அலங்காரத்தோடு குதித்தாள்.

சவரியார் மெக்கானிக்கின் காதருகே குனிந்து முணுமுணுத்தார். "தப்பா பேசிட்டேன்டா."

"சத்தமா சொல்லுங்கப்பா" என்றாள் மேகலா. "திட்டுனப்ப தெரு முழுக்கக் கேட்டுச்சுல்ல?"

தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு கார் சாவியை ராஜதுரை கையில் வைத்தார்.

"நீயே ஓட்டு. எம் பொண்ணு ஒன் வண்டியில போவட்டும்."

"துண்டு?" என்று வாசலுக்கே வந்து கேட்டார் ஏஞ்சல் மேரி.

மேகலா கரியான துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பதிலுக்கு இன்ஜின்தான் உறுமியது.