புகைக்குள் மூன்றாவது கேமரா

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. பாட்டு நிகழ்ச்சிக்குப் போகிறார்கள். மேடையைப் பார்க்காமல் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பாடுகிறவளும் பாடுவதில்லை. பதிவான பாட்டு ஓட, வாயை மட்டும் அசைக்கிறாள். கடைசியில் ஏதாவது காணாமல் போனால், வீடியோவைப் பார் என்கிறார்கள்.

அப்படி ஒரு வீடியோவோடுதான் அந்த எடிட்டர் பெண் 'சந்தேகம்' வீட்டுக்கு வந்தாள். துப்பறிகிறவருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அது.

"ஐயா, எங்க அண்ணன் திருடினாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"நீ என்ன நினைக்கிற?"

அவள் தரையைப் பார்த்தாள்.

அவள் அண்ணன் அரங்கத்தில் சவுண்டு பார்ப்பவர். முந்தின நாள் கடைசிப் பாட்டுக்கு மேடையேறும்முன், பாடகி தன் அம்மா விட்டுப்போன கல் சங்கிலியை ஒப்பனை அறையில் கழற்றி வைத்தாள். பாட்டு முடிந்ததும் கூட்டம் விடவில்லை. இன்னொரு தடவை என்று கத்தியது. தண்ணீர் குடிக்க உள்ளே ஓடியவள் சங்கிலி இல்லாததைக் கண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி வாயசைத்தாள். ஆக, திருட்டு நடந்தது முதல் தடவை பாட்டு ஓடியபோது.

"மூணு கேமரா ஐயா. ரெண்டு மேடையப் பாக்கும். மூணாவது மேடை ஓரத்துல இருந்து கூட்டத்தப் பாக்கும். மூணும் ஒரே நேரத்துல ஓடற மாதிரி நான்தான் சேத்தேன். முதல் தடவை பாட்டு ஓடறப்ப, கூட்டத்துக்குப் பின்னால இருக்கற அண்ணன் நாற்காலி காலி. ரெண்டாம் தடவைதான் வெளிய போனேன்னு சொல்றாரு. யாரும் நம்பல. சாயங்காலம் போலீசுக்குப் போறாங்க. நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு."

'சந்தேகம்' கிளம்பினார். கூடவே அவருடைய தங்கை மகனும். நாற்பது வயது, தலையில் ஒரு முடி கிடையாது, ஆர்வத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

"நாற்காலி காலி மாமா. கேஸ் முடிஞ்சுது!"

"உன் தலையும்தான் காலி. அதுக்காக உன்னப் பிடிச்சு உள்ள போடவா?"

எடிட்டிங் அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. பட்டப்பகலிலும் தண்ணீருக்கடியில் இருப்பது போல நீல வெளிச்சம்.

"சத்தத்த நிறுத்தும்மா. படம் மட்டும் ஓடட்டும்."

மூன்று சதுரங்களில் நேற்றைய பொழுது சத்தமில்லாமல் மிதந்தது. பாடகியின் காலடியில் வெள்ளைப் புகை மெல்ல அவிழ்ந்தது. இன்னொரு சதுரத்தில் பார்வையாளர்களின் தலைகள் மேகத்துக்குள் அசைந்தன. எல்லோரும் உட்கார்ந்தபடியே தூங்கி, ஒரே கனவைக் காண்கிறவர்கள் போலிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு காலி நாற்காலி.

"எப்படிச் சேத்த?"

"மூணாவது கேமராவுல மணி தப்பா வச்சிருந்தாங்க. அதனால சத்தத்த வச்சுச் சேத்தேன். ஒரே சத்தம் எங்க வருதுன்னு பாத்து சாஃப்ட்வேரே ஒட்டிடும்."

"அதுல பாட்டு எத்தனை தடவை இருக்கு?"

"ஒரு தடவைதான். இத ஓட்டிப் பாத்தப்ப அந்த மூணாவது கேமராக்காரர் கூட இருந்தாரு. ரெண்டாம் தடவை பேட்டரி தீந்துபோச்சுன்னாரு."

"எல்லாரையும் இங்க வரச் சொல்லு."

பாடகி வந்தாள். அண்ணன் வந்து சுவரோரமாக நின்றார். மூன்றாவது கேமராக்காரன் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கீழே வையுங்கள் என்றதற்கு, பரவாயில்லை என்றான்.

"புகைய எப்பம்மா விட்டாங்க?" பாடகியிடம் கேட்டார்.

"முதல் தடவை பாட்டு ஆரம்பிச்சப்ப. அதுக்கு முன்னாடி விடக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். கண்ணு எரியும்."

"இந்தப் பக்கம் பாரு, இப்பதான் உன் காலடியில கிளம்புது. அதே நேரத்துல அந்தப் பக்கம் பாரு, கடைசி வரிசை வரைக்கும் போயாச்சு. கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ற புகைய எந்தக் கடையில வாங்கினீங்க?"

எடிட்டர் பெண் மவுஸை விட்டுவிட்டுத் திரையை நெருங்கிப் பார்த்தாள். "பதிவுப் பாட்டு... ரெண்டு தடவையும் இம்மி மாறாத அதே சத்தம். சாஃப்ட்வேர் முதல் தடவையோட ஒட்டிடுச்சு!"

"மூணாவது கேமரா படத்த ரெண்டாம் தடவைப் பாட்டுக்குத் தள்ளு."

தள்ளினாள். மேடைச் சதுரத்தின் விளிம்பில் வழிந்த புகை, அடுத்த சதுரத்தில் கூட்டத்தின் மேல் அப்படியே தொடர்ந்து படர்ந்தது. இரண்டும் ஒரே மூச்சாக ஆயின.

"அப்ப முதல் தடவை பாட்டுக்கு மூணாவது கேமராவுல என்ன இருக்கு மாமா?"

"ஒண்ணும் இல்ல. அதான் விஷயம். கேமராவ நிறுத்திட்டு ஆளு எங்கயோ போயிருக்கான். திரும்பி வந்து ரெண்டாம் தடவைய எடுத்திருக்கான். இந்தப் பொண்ணு தப்பா ஒட்டினதப் பாத்ததும், அதுக்கேத்த மாதிரி பேட்டரிக் கதை சொல்லிட்டான். ஒப்பனை அறைக்குப் போற வழி அவன் கேமராவுக்குப் பின்னாடிதானே? மாப்ள, அந்தப் பைய வாங்கு."

கேமராக்காரன் எழுந்தான், வழுக்கைத் தலை வாசலை மறைத்தது. பேட்டரி டப்பாவுக்குள் சங்கிலி இருந்தது. பாடகி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் புகை எனக்கு ஒத்துக்கல. வெளிய போய் இருமிட்டு வந்தேன்." தங்கையைப் பார்த்தார். "நீயாவது நம்பினியா?"

"என்னண்ணா கேள்வி இது? ஒரு நிமிஷம்கூட நான் உன்னச் சந்தேகப்படல."

திரையில் புகை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் தலையை ஆட்டினார். 'சந்தேகம்' அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"பாத்தீங்களா மாமா, கூடப்பிறந்த பாசம்னா இதுதான்!"

"ம்" என்றார் மாமா. நடையை நிறுத்தவில்லை, நம்பவுமில்லை.