பதினொரு பேர் குடித்த சாறு

வந்த வேகத்தில் ஸாலிஹா கதிரையில்கூட இருக்கவில்லை. "ஐயா, யோசேப்புக்கு நான் நஞ்சு குடுத்தனானாம்! அவரின்ர மனுசி கிறேஸ் ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. அவரோட வேலை செய்யிற பதினொரு பேரும் அதே நெல்லிச்சாற்றைத்தான் குடிக்கினம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. இனி ஆர் என்னட்டை வாங்கப்போகினம்? மூண்டு பிள்ளையளோட நான் எங்க போறது?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி பாக்கியரத்தினம் முதலில் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பக்கத்தில் அவருடைய சிநேகிதன் அன்ஸார். சைக்கிள் கடைக்காரன், ஓட்டைப் பாத்திரங்களும் அடைப்பான், யாரைக் கண்டாலும் கள்ளன் என்பான்.

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் பழைய பெயின்ற்றைச் சுரண்டியவர்களுக்கு, அந்தத் தூசியில் ஈயம் உண்டென்ற பயம். நெல்லிச்சாறு காக்கும் என்று நம்பினார்கள்.

மூவரும் வீட்டுக்குப் போனபோது, அவர்களில் ஒருவனான யோசேப் பாயில் சுருண்டு கிடந்தான். வயிற்றுவலி, வெளிறிய முகம், பல் முரசில் நீலக்கோடு.

"ஈயம்தான்" என்றார் பாக்கியரத்தினம்.

"அப்ப பெயின்ற் தூசி!" அன்ஸார் துள்ளினான்.

"அந்தத் தூசிக்குள்ள நிக்கிற மற்ற ஆக்கள் சுகமா இருக்கினமே."

"அப்ப இவவின்ர சாறுதான்!" என்றாள் கிறேஸ்.

"அதையும் அவை குடிக்கினம், பிள்ளை. கடையிலயே கிளாசில குடிச்சிட்டுப் போகினம். நீங்கள் எதில வாங்கி வைக்கிறனீங்கள்?"

கிறேஸ் குசினியிலிருந்து ஒரு தகரக் கேத்தலைக் கொண்டுவந்தாள். "அடியில ஓட்டை அடைச்சது. அடுப்பில வைச்சா உருகிப்போகும் எண்டு சாற்றுக்கு மட்டும் வைச்சிருக்கிறன். பின்னேரம் ஊத்தினா அடுத்தநாள் முழுக்கக் குடிப்பார்."

பாக்கியரத்தினம் உள்ளே விரலை விட்டார். ஈயத்தால் அடைத்த இடம் குழிகுழியாக அரித்திருந்தது. "புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். காக்க வந்த சாறே ஈயத்தைச் சுமந்து போயிருக்கு."

அன்ஸாரின் முகம் செத்துவிட்டது. "அல்லாஹ்! வலையில கட்டுற ஈயத்தை உருக்கி அடைச்சது நான்தான் ஐயா! உதவி எண்டு நினைச்சன்."

"தெரியாமச் செய்தனீ. இப்ப ஓடிப்போய்க் கார் பிடி. நெல்லி நல்ல சாப்பாடுதான். ஆனா உடம்புக்குள்ள போன ஈயத்துக்கு ஆஸ்பத்திரிதான் வேணும்."

மூன்று கிழமையில் யோசேப் எழுந்து நடந்தான். அந்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கிறேஸ் நேரே ஸாலிஹாவின் கடைக்குப் போனாள். எல்லாரும் பார்க்க ஒரு கிளாஸ் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா. நீங்கள் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வராட்டி நான் இண்டைக்குத் தாலியில்லாம நிண்டிருப்பன். உங்களுக்காகக் கோயிலில கும்பிட்டுப்போட்டுத்தான் வாறன்."

ஸாலிஹா அழுதுகொண்டே அடுத்த கிளாஸை நிரப்பினாள். அதை வாங்க ஏழெட்டுக் கைகள் நீண்டன.